அவள் பெயரில் நான் நடந்த அடிகள்

பிரதேச செயலகத்தில் முப்பத்தாறு வருடம் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பதினொரு வருடம் ஓய்வூதியப் பிரிவில். யுத்தம் முடிந்து, வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த குடும்பங்கள் திரும்பிப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. அவர்களுடைய ஓய்வூதியக் கோவைகளை மன்னாருக்கு அனுப்புவதும், போன ஆள் மனம் மாறித் திரும்பி வந்ததும் கோவையை மறுபடி வரவழைப்பதுமாக என் நாட்கள் கழிந்தன.

ஓய்வூதியம் எடுக்கும் ஒவ்வொருவரும் தான் இன்னும் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒரு தடவை அரசாங்கத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தப் படிவத்துக்கு உயிர்வாழ் சான்றிதழ் என்று பெயர். பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரித்ததில்லை. மௌத்தாகி, அடக்கி நாலு வருடமான ஒருவர் வருடந்தோறும் அந்தப் படிவத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தவன் நான்தான். அதற்குப் பிறகு என் மேசையில் ஒரு சட்டம் இருந்தது. ஆள் வர வேண்டும். மகன் வந்தால் போதாது. மருமகள் வந்து அழுதாலும் போதாது. கிராம சேவகர் ஒப்பமிட்டிருந்தாலும், எனக்குச் சந்தேகம் என்றால் அதுவும் போதாது.

பள்ளிவாசல்துறையிலிருந்து ஒருவர் தகப்பனின் படிவத்தோடு வந்தது நினைவிருக்கிறது. தகப்பன் ஒரு பாடசாலையில் காவலாளியாக இருந்தவர்.

“வாப்பா படுக்கையில கிடக்கிறார், சேர். எழும்ப ஏலாது.”

“உயிரோடதானே இருக்கார்?”

“ஓம், சேர்.”

“அப்ப வரலாம்.”

மறுநாள் ஒரு வான் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பின் ஆசனத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் வெளியே போய், வான் கதவைத் திறந்து, குனிந்து பெயரைக் கேட்டேன். கிழவர் சொன்னார். பிறகு, “நீங்க ஆரு?” என்று என்னிடம் கேட்டார். வானின் பொனட்டின் மேல் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரம் எனக்கு வெட்கம் வரவில்லை. சுற்றறிக்கை என் பக்கம் இருந்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இனி நான் எழுதப்போகும் காரியத்தைச் செய்தவன் நடைமுறை தெரியாதவன் என்று யாரும் எனக்குச் சலுகை தந்துவிடக் கூடாது.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணம் முடித்துக் கட்டாரில் இருக்கிறாள். அங்கே ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்களில் என் மனைவிக்கு நெஞ்சுப் படபடப்பு வரத் தொடங்கியது. நாளெல்லாம் இல்லை. எப்போதாவது வரும், பத்து நிமிடமோ அரை மணியோ இருந்துவிட்டுப் போகும். “சாக்குக்குள்ள போட்ட கோழி மாதிரி அடிச்சுக்கொள்ளுது” என்பாள். அதிலிருந்து வீட்டில் அந்த நோய்க்குக் கோழி என்றே பெயராகிவிட்டது. கிளினிக்கில் இரண்டு தடவை ஈசிஜி எடுத்தார்கள். எடுத்த இரண்டு தடவையும் கோழி வரவில்லை. கடதாசியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. டொக்டர் பிரஷருக்குக் குளிசை தந்துவிட்டு, “அது வாற நேரத்தில பிடிக்கோணும், வந்த உடன ஓடி வாங்க” என்றார். எங்கள் வீட்டிலிருந்து மதுரங்குளிச் சந்திக்கு வந்து, பஸ் ஏறி, கிளினிக் வரிசையில் நம்பர் எடுக்கும்வரை எந்தக் கோழியும் காத்திருக்காது.

அதனால் மகள் கையில் கட்டும் ஒரு மணிக்கூடு வாங்கி அனுப்பினாள். மணிக்கூடு என்று நாங்கள் சொன்னோம். கற்பிட்டிப் பக்கம் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களின் கைகளில் அப்படியான சாமானை நான் முன்பு கண்டிருக்கிறேன். அவர்கள் எவ்வளவு பாய்ந்தார்கள், நெஞ்சு எவ்வளவு அடித்தது என்று கரைக்கு வந்ததும் அதைப் பார்ப்பார்கள். அதன் அடிப்பக்கத்தில் ஒரு பச்சை வெளிச்சம் இருக்கிறது. அது தோலுக்குள் பார்த்து நாடியை எண்ணுகிறது. துடிப்பு ஒழுங்கு தப்பினால் எச்சரிக்கை காட்டுகிறது. எண்ணியதெல்லாம் மனைவியின் போனுக்கு வந்து, அங்கிருந்து மகளின் போனுக்குப் போகும். கோழி வரும் நேரம் கையிலேயே இருந்து அதைப் பிடிப்பதற்காக வந்த பொருள் அது. அதற்கு வேறு வேலை எதுவும் இல்லை.

மகள் போனில் சொல்லச் சொல்ல விபரங்களை நான் நிரப்பினேன். பிறந்த திகதி, உயரம், நிறை, ஆணா பெண்ணா.

“உன்ட நிறை என்ன?”

“நிறை என்னத்துக்கு? நான் என்ன மணிக்கூட்டுக்கு மேல ஏறி நிக்கவா போறேன்?” என்றாள் மனைவி.

பழைய கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து அதில் இருந்த நிறையைப் போட்டேன். எல்லா விபரமும் சரி. என் வாழ்நாளில் நான் நிரப்பிய படிவங்களில் பிழையே இல்லாத ஒன்று அது.

அவள் ஒன்பது நாள் கட்டினாள். ஐந்து வேளைத் தொழுகைக்கும் கைகால் கழுவி வுழூ எடுக்கும்போதும் கழற்ற வேண்டும், பிறகு நினைத்துக் கட்ட வேண்டும். ரொட்டிக்கு மாப் பிசையும்போது கழற்ற வேண்டும். மீன் கழுவும்போது கழற்ற வேண்டும். எங்கள் பக்கத்து வெயிலில் பட்டிக்குக் கீழே வேர்த்துச் சொறிந்தது. பச்சை வெளிச்சமும் அவளுக்குப் பிடிக்கவில்லை. “வெளிச்சம் போட்டுப் பாக்க நான் என்ன கள்ளச் சாமானா?” என்றாள். கழற்றியது குசினி மேசையில் கிடக்கும். கட்டாரிலிருந்து போன் வரும்.

“வாப்பா, உம்மா கட்டல்லயா? காலைல இருந்து ஒண்டும் வரல்ல.”

“இப்பதான் கழட்டினா.”

“இப்பதான் இல்ல. நாலு மணித்தியாலம்.”

பத்தாம் நாள் காலை நான் நடக்கப் புறப்பட்டபோது அது மேசையில் கிடந்தது. மகள் அழைத்துவிடப் போகிறாளே என்று நான் எடுத்துக் கட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. பெரிய சதித்திட்டம் எதுவும் இல்லை. ஒருவர் லீவில் போனால் இன்னொருவர் அவருடைய இடத்தில் பதில் கடமை பார்ப்பது அலுவலகங்களில் நாள்தோறும் நடப்பது. ஆனால் பதில் கடமை பார்க்கிறவர் கையெழுத்துப் போடும்போது தன் பதவிக்கு முன்னால் ‘பதில்’ என்று எழுத வேண்டும். எழுதாமல் போட்ட எத்தனையோ கடிதங்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மணிக்கூட்டில் அந்தச் சொல்லை எழுத இடம் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை மகள் அழைத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

“உம்மா, ஆறாயிரம் அடி நடந்திருக்கீங்க! எங்க போனீங்க?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“சும்மா... இஞ்சால பக்கம், மகள்.”

போனை வைத்ததும் என்னிடம் சொன்னாள்: “எனக்காக நடந்தது சரி. நாளைக்கு எனக்காக நோன்பும் பிடிச்சுடாதீங்க.”

இரண்டு பேரும் சிரித்தோம். மறுநாளும் கட்டிக்கொண்டு போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். போகப்போக, வீட்டுக்கு வந்த பிறகும் அநேகமாகக் கழற்றுவதில்லை. பத்து மாதம் இப்படிப் போனது. வீட்டுக்குப் பின்பக்க ஒழுங்கையால் இறங்கி, கனமூலைப் பாதையைப் பிடித்து, கடல்நீர் தேங்கி நிற்கும் களப்போரம் வரை போய்த் திரும்புவேன். மகளுக்குப் பிடிக்கிறதே என்று தூரத்தைக் கூட்டினேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் பிடித்தது. ஓய்வு பெற்ற மனிதனுக்கு அன்றாடம் யாரும் புள்ளி போடுவதில்லை. எனக்கு ஒரு மணிக்கூடு போட்டது. அது என் மனைவியின் பெயரில் போட்டது என்பது ஒரு சின்ன நிர்வாகக் குறைபாடாகத் தெரிந்தது.

சமாளிப்பதும் பழகிவிட்டது. ஒரு நாள் பின்னேரம் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டம். போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்து அங்கீகரிக்காமல் புதிய விடயத்துக்குப் போனார்கள். எந்தக் கூட்டத்திலும் அப்படிப் போக முடியாது. எழுந்து நின்று அதைச் சொன்னேன். கொஞ்சம் உரத்துச் சொன்னேன். அடுத்த நாள் மகள் கேட்டாள்.

“உம்மா, நேத்து அஸருக்குப் பிறகு உங்கட நெஞ்சு அந்த ஓட்டம் ஓடியிருக்கு. என்ன செஞ்சீங்க?”

மனைவி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “வாப்பாவோட கதைச்சுக்கொண்டு இருந்தேன்.”

“ஆ, அப்ப சரி.”

தாயும் மகளும் இரண்டு நாட்டிலும் இருந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பத்து மாதத்தில் கோழி எத்தனை தரம் வந்து போனது என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னது சில தடவைதான். சொன்ன நேரமெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு காலை மட்டும் வேறு. நான் நடந்துவிட்டு எட்டரை மணிபோல் வந்தேன். அவள் குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் உட்கார்கிற ஆள் இல்லை. என்னைக் கண்டதும் கையை நீட்டினாள்.

“அதக் கழட்டுங்க.”

“எத?”

“மணிக்கூட்ட. கோழி வந்திச்சு.”

“எப்ப?”

“நீங்க போய்க் கொஞ்சத்தில. இந்தத் தரம் லேசில போகல்ல. கண் எல்லாம் இருட்டிச்சு. மகள் சொன்ன மாதிரி கட்டிப் பாப்பம் எண்டு அலுமாரிக்கு மேல தேடினேன், மேசையில தேடினேன். பிறகுதான் யோசனை வந்திச்சு, அது நடக்கப் போயிருக்கு எண்டு.”

கழற்றிக் கொடுத்தேன். பட்டி என் வேர்வையில் ஈரமாக இருந்தது. அவள் அதைத் தன் சட்டைக் கையில் துடைத்துவிட்டுக் கட்டினாள். இருவரும் அந்தச் சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டு இருந்தோம். இலக்கம் வந்தது. ஒழுங்கான இலக்கம்.

“பார். ஒண்டும் இல்ல,” என்றேன்.

“இப்ப இல்ல. அப்ப இருந்திச்சு.”

“அடுத்த தரம் வந்தா உடன சொல்லு.”

“ஆருக்குச் சொல்ல? களப்புக்கா?”

ஐந்து நிமிடம் கட்டியிருந்தாள். பிறகு கழற்றி என்னிடம் நீட்டினாள். “இந்தாங்க. மகள் தேடப் போறா.”

நான் அதை வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன்.

மகளுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அந்த நேரத்துப் பதிவைத் திறந்து பார்ப்பாள். பதிவின்படி அவளுடைய உம்மா அந்த நேரம் களப்போரம் காற்று வாங்கிக்கொண்டு நிதானமாக நடந்துகொண்டிருந்தாள். டொக்டரிடமாவது போயிருக்கலாம். அடுத்த கிளினிக் திகதி ஆறு வாரத்தில் இருந்தது. திகதிக்கு முன்னால் போனால் பிரத்தியேகமாக ஒரு துண்டுச்சீட்டு எழுதி வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். துண்டு எழுதி வாங்கத் தெரிந்த ஆளும் நான்தான். திகதி வரட்டும் என்று இருந்தேன்.

திகதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பகல் சமையல் நேரம், அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நான் முன்னறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். திருவும் சத்தம் நின்றது. தேங்காய்ப் பாதி ஒன்று உருண்டு குசினி வாசல்படியில் வந்து நின்றது. எடுத்துக்கொண்டு போனேன். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். வலக்கை மடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னவோ சொன்னாள். அது சொல்லாக வரவில்லை.

பக்கத்து வீட்டார் த்ரீவீல் பிடித்துத் தந்தார்கள். அவளைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனேன். பிரதான வீதியில் ஏறியதும் என் சட்டைப் பையில் இருந்த அவளுடைய போன் அடித்தது. மகள்.

“வாப்பா, உம்மாட நெஞ்சு சரியான வேகமா அடிக்குதாம். எனக்கு மெசேஜ் வந்திச்சு. என்ன நடக்குது?”

“உம்மாக்குச் சுகமில்ல, மகள். ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“யா அல்லாஹ். நல்ல காலம் மணிக்கூடு இருந்திச்சு. நல்ல காலம் கட்டி இருந்தா.”

என் இடக்கை அவளைச் சுற்றிப் பிடித்திருந்தது. மணிக்கூடு அந்தக் கையில்தான் இருந்தது. வேகமாக அடித்துக்கொண்டிருந்ததும் அந்தக் கைக்குரியவனுடைய நெஞ்சுதான்.

வைத்தியசாலை வாசலில் தள்ளுகட்டில் வரும்வரை இரண்டு நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். மணிக்கூட்டைக் கழற்றி அவள் கையில் கட்டினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் ஒரு தாதி அதைக் கழற்றி, காப்புகளோடு ஒரு பையில் போட்டு என்னிடமே தந்தார்.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை ஒரு இரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்றார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கு தப்பியதால் வந்திருந்தால் ஒரு மருந்து, பிரஷரால் வந்திருந்தால் வேறு மருந்து. முதலாவது மருந்து இரத்தத்தை இளக வைப்பது. காரணம் நிச்சயமில்லாமல் கொடுத்தால் அது வேறு இடத்தில் இரத்தம் கசிய வைத்துவிடலாம். தேவையான ஆளுக்குக் கொடுக்காமல் விட்டால் இன்னொரு கட்டி வரும். வாட்டுக்குப் பொறுப்பான டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை. குருநாகல் பக்கமாம். தமிழ் நன்றாகக் கதைத்தாள். இரண்டாம் நாள் காலை கையில் போனோடு வந்தாள். மகள் கட்டாரிலிருந்து பத்து மாதப் பதிவு முழுவதையும் அவளுக்கு அனுப்பியிருந்தாள்.

“அங்கிள், மகள் நல்ல வேலை செஞ்சிருக்காங்க. இப்பிடி ரெக்கோட் எங்களுக்குக் கிடைக்கிறதே இல்ல. பத்து மாசத்தில ஒரு தரம்கூட துடிப்பு ஒழுங்கு தப்பினதில்ல. அன்டைக்கு மட்டும் வேகம், அதுகூட ஒழுங்கான வேகம். அப்ப நெஞ்சில இருந்து வந்தது இல்ல போல. பிரஷர்தான். நாளையன்டைக்கு வீட்ட போகலாம்.”

“சரி, டொக்டர்,” என்றேன்.

பதினொரு வருடம் பொய்ச் சான்றிதழ் பிடித்தவன், என் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘சரி, டொக்டர்’ என்றேன். அந்த ‘சரி’யோடு ஒரு பகல் முழுவதும் இருந்தேன். மகளுக்கு எப்படிச் சொல்வது என்பதைப் பற்றித்தான் யோசித்தேன். மனைவிக்குத் தவறான மருந்து போகப்போகிறது என்பது அடுத்ததாகத்தான் வந்தது. வரிசையை மாற்றி எழுதலாம். எழுத மாட்டேன்.

மூன்றாம் நாள் காலை டொக்டர் வருவதற்கு முன் ஒரு கடிதம் எழுதினேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். விடயம்: நோயாளியின் நாடித்துடிப்புப் பதிவு, திருத்தம். ஒன்று, மேற்படி பதிவில் உள்ள துடிப்புகள் நோயாளியுடையவை அல்ல. இரண்டு, அவை கீழே ஒப்பமிடும் கணவருடையவை. மூன்று, இதனால் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறேன். திகதி போட்டு, ஒப்பமிட்டு, நாலாக மடித்துக் கொடுத்தேன்.

டொக்டர் விரித்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

“அங்கிள், எனக்குத் தமிழ் கதைக்க மட்டும்தான் தெரியும். வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க.”

கடிதம் எந்த மொழியில் போக வேண்டும் என்று பார்த்து அனுப்புவது இலிகிதருடைய முதல் வேலை. அதையும் மறந்திருந்தேன். பெண்கள் வாட். இரண்டு பக்கமும் கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் கிழவி ஒருத்தி, அவளைப் பார்க்க வந்த மகள் கதிரையில். எதிரே இரண்டு தாதிகள். என் மனைவி தலையணையில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கதைக்க வராதே தவிர, எல்லாம் விளங்கியது.

“டொக்டர், அது என்ட நெஞ்சு,” என்றேன்.

“என்ன?”

“மணிக்கூட்டக் கட்டினது நான். பத்து மாசமா. மகள் அனுப்பின ரெக்கோட் முழுக்க என்ட.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். கடிதத்தை மடித்து, “அப்ப அன்ரியின்ட ரெக்கோட் எங்க?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“ஒரு நாள்கூட இல்லையா?”

“முதல் ஒம்பது நாள் விட்டு விட்டுக் கட்டினா. அதுக்குப் பிறகு அஞ்சு நிமிசம் இருக்கு, டொக்டர்.”

மனைவியின் இடக்கை போர்வையின் மேல் அசைந்தது. பக்கத்துக் கட்டில் பெண் தன் தாயின் முகத்தைத் துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

டொக்டர் உடனே திட்டத்தை மாற்றினாள். வீட்டுக்கு அனுப்புவது நின்றது. நெஞ்சில் வயர்களை ஒட்டி, ஒரு இரவும் பகலும் துடிப்பைப் பதியும் ஒரு சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டினார்கள். அதற்குப் பச்சை வெளிச்சம் இல்லை. அதை யாரும் எடுத்துக் கட்டிக்கொண்டு களப்புப் பக்கம் போகவும் முடியாது. போகும்போது டொக்டர், “மகளுக்கு நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“நான் சொல்றேன்.”

பக்கத்துக் கட்டில் பெண் பிளாஸ்கைத் திறந்தாள். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, “நானா, தேத்தண்ணி குடிங்க,” என்றாள். குடித்தேன். பிறகு நடைபாதைக்குப் போய்க் கட்டாருக்கு எடுத்தேன்.

எல்லாவற்றையும் ஒழுங்குப்படி சொன்னேன். முதல் நாள், களப்பு, நிர்வாகக் கூட்டம், அந்த ஐந்து நிமிடம், வாசலில் கழற்றிக் கட்டியது. போன் வெட்டிவிட்டதோ என்று பார்த்தேன்.

“வாப்பா.”

“சொல்லு, மகள்.”

“காலைல எழும்பி முதல் வேலையா அதத்தான் பாப்பேன். உம்மாட நெஞ்சு நல்லா இருக்கு எண்டு பாத்துட்டுத்தான் வேலைக்குப் போவேன்.”

“ஓம், மகள்.”

“அண்டைக்கு மெசேஜ் வந்ததும் உங்கடையா?”

“என்ட.”

அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. பாடசாலையில் நின்று கதைத்திருக்கிறாள்.

“உங்கட நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, வாப்பா,” என்றாள். “நான் முழுக்கப் பாத்திருக்கேன். ஒரு நாளும் ஒழுங்கு தப்பினதில்ல.”

அந்தப் பெட்டி கோழியைப் பிடித்துவிட்டது. ஒரே நாளில் இரண்டு தடவை. இரத்தத்தை இளக வைக்கும் மருந்தைத் தொடங்கினார்கள். இதை முன்பே கண்டிருந்தால் கட்டி வராமல் தடுத்திருக்கலாமா என்று நான் டொக்டரிடம் கேட்டேன். “அப்பிடி நிச்சயமாச் சொல்ல ஏலாது, அங்கிள்,” என்றாள். நல்ல பிள்ளை. நிச்சயமாகச் சொல்ல முடியாத விடயங்களில் எந்தப் பக்கம் சாய்த்து எழுதுவது என்பது என் தொழில். அவள் எந்தப் பக்கம் சாய்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

மகள் இரண்டு கிழமை லீவில் வந்தாள். தாயைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், பிசியோவிடம் பயிற்சிகளைக் கேட்டு எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினாள். என்னோடு தேவையானதைக் கதைத்தாள். மருந்து நேரம், கிளினிக் திகதி. போவதற்கு முதல் நாள் மணிக்கூட்டில் இருந்த பழைய பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புதிதாகத் தாயின் இடக்கையில் கட்டினாள். சொறியாமல் இருக்கச் சீலைப் பட்டி ஒன்று கொண்டுவந்திருந்தாள். அது முதலிலேயே கடையில் இருந்திருக்கிறது. சொறிகிறது என்று நாங்கள் அவளுக்குச் சொன்னதே இல்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் மாலை, மகரிப் தொழுகைக்கு முன் வீடியோவில் வருகிறாள்.

“உம்மாட கையக் காட்டுங்க.”

காட்டுவேன்.

“முகத்தோட சேத்துக் காட்டுங்க, வாப்பா.”

போனைப் பின்னுக்கு எடுத்து, கையும் முகமும் ஒன்றாகத் தெரியும்படி பிடிப்பேன். சில நேரம் படம் அசையும். அசைந்தால் மறுபடி காட்டச் சொல்வாள். வான் கதவைத் திறந்து குனிந்த நாள் அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரும். அந்தக் கிழவரை எழும்ப முடியாத நிலையில் எத்தனை பேர் தூக்கி வானில் ஏற்றினார்கள் என்று நான் அன்று கேட்கவில்லை.

அவள் இப்போது நடக்கிறாள். கட்டிலிலிருந்து விறாந்தையில் இருக்கும் கதிரைக்கும், கதிரையிலிருந்து திரும்பக் கட்டிலுக்கும். வலப்பக்கம் நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவேன். சொற்களும் ஒவ்வொன்றாக வருகின்றன. ‘தண்ணி’ முதலில் வந்தது. ‘போதும்’ அடுத்தது. அது பெரும்பாலும் எனக்குச் சொல்லப்படுவது. காலையில் களப்புப் பக்கம் போவதை நான் விட்டுவிட்டேன். அவளை விட்டுப் போக முடியாது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் மணிக்கட்டில் பட்டி இருந்த இடம் வெளிறிப்போய்க் கனநாள் தெரிந்தது. பள்ளிவாசலில் வுழூ எடுக்கும்போது, சட்டைக் கையை மடிப்பதற்கு முன் பக்கத்தில் ஆள் இல்லையா என்று பார்ப்பேன்.

போன வியாழன் மகள் வீடியோவில் வந்தாள். கையைக் காட்டினேன், முகத்தோடு காட்டினேன்.

“இண்டைக்கு நாப்பத்தொரு அடி எண்டு காட்டுது.”

“ஓம், மகள். ரெண்டு தரம் நடந்தா.”

“ஆர் நடந்தது?”

குத்திக் கேட்கவில்லை. குத்திக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் என் மேசையில் இருந்து கேட்ட அதே குரலில் கேட்டாள்.

“உம்மா.”

“உம்மா சொல்லட்டும்.”

மனைவி போனைப் பார்த்தாள். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். “நா... ன்” என்றாள்.

“சரி,” என்றாள் மகள். அவளுக்கு அடுத்த வேலை இருந்தது. போனை வைத்தாள்.

மனைவி என் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாடையைக் களப்புக்குப் போகும் ஒழுங்கைப் பக்கம் அசைத்தாள்.

“நீங்... க... நடக்... கல்ல?”

“நடந்தேனே. இப்ப உன்னோட நடந்தது?”

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். சொல் வருவதற்குக் காத்திருந்தேன். வந்தது.

“அது... என்ட.”